நாய்ஸுக்கு மெகாபிக்சலைக் குறை சொல்லாதீர்கள்

திருப்பரங்குன்றத்தில் விடியற்காலை முகூர்த்தம். அந்தப் படங்களை ஒரு தம்பி கரெக்‌ஷனுக்குக் கொண்டுவந்தார். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் தலைமுடியிலும் பெண்ணின் கரும்பச்சைப் பட்டிலும் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள்; இதைத்தான் நாய்ஸ் என்கிறோம். "45 மெகாபிக்சல் கேமராண்ணே, அதான் நாய்ஸ் அடிக்குது. வித்துட்டு 24 வாங்கப்போறேன்" என்கிறார். இந்த சீசனில் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் லென்ஸின் திறப்பு எஃப் 5.6 (எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/500 நொடி. படம் இருட்டாக விழுந்திருக்கிறது. பிறகு லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, பிரகாசத்தைத் தூக்கியிருக்கிறார். எஃப் 2.8, 1/125 வைத்திருந்தால் 16 மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். கையில் இருந்ததும் 2.8 லென்ஸ்தான். இதில் கேமரா என்ன தப்பு செய்தது?

மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒளி சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 போட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது 100. இந்த ஏற்ற இறக்கம்தான் நாய்ஸாகத் தெரிகிறது. ஒரு சதவீதம். அதே அளவு சென்சாரில் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) நான்கு மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2,500 போட்டான்தான். ஏற்ற இறக்கம் 50. இரண்டு சதவீதம். "பாத்தீங்களா, ரெண்டு மடங்காயிருச்சே" என்பார்கள். சரி, அந்தச் சின்னப் பிக்சல்கள் நாலும் சேர்ந்துதானே பழைய பெரிய பிக்சலின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன? நாலையும் கூட்டுங்கள். மறுபடி 10,000. மறுபடி ஒரு சதவீதம். ஒரே அளவு ஷீட்டில் அச்சடிக்கும்போது இந்தக் கூட்டல் தானாக நடந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் மிகமிகக் குறைவு.

நீங்கள் ஏமாறுவது, படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று காட்டும் 100 சதவீத ஜூமில்தான். 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் 24 மெகாபிக்சல் படத்தை அப்படித் திறந்தால், ஏறக்குறைய ஐந்தரை அடி அகலப் படத்தை மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறீர்கள். 61 மெகாபிக்சல் என்றால் எட்டரை அடி. இரண்டையும் ஒப்பிட்டு இது மோசம், அது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும்? இரண்டையும் 12x18 இன்ச் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள். அந்த அளவுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் 19 மெகாபிக்சல் சொச்சம் போதும்.

படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓ அமைப்பை 25,600க்கு மேல் ஏற்றினால் சென்சாரின் ரீட் நாய்ஸ், அதாவது சிக்னலைப் படிக்கும்போது மின்சுற்றே சேர்க்கும் நாய்ஸ், கணக்கில் வரும்; அங்கே 12 மெகாபிக்சல் சோனி ஏ7எஸ் 3 போன்ற வீடியோ கேமராக்களுக்கு நிழல் பகுதியில் கொஞ்சம் லாபம் உண்டு. மண்டபத்துக் கல்யாணத்தில் அந்த நிலைமை அனேகமாக வராது.

நாய்ஸைத் தீர்மானிப்பது மொத்த வெளிச்சம். சென்சாரின் பரப்பு, லென்ஸின் திறப்பு, ஷட்டர் நேரம், அப்புறம் மண்டபத்து விளக்கு. ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரின் 36x24 மில்லிமீட்டர் பரப்பு, ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாரைவிட ஏறக்குறைய 2.3 மடங்கு பெரியது. 108 மெகாபிக்சல் போனைக் காட்டி "உங்க கேமரா 24தானா?" என்று கேட்கும் மாமாக்களுக்கும் இதுவே பதில். அந்த போன்கள் வழக்கமாக ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன.

தம்பிகளே, ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுக்காதீர்கள். ஜேபெக்கில் எடுத்துவிட்டுப் பின்னால் தூக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். சென்சாரின் முழுத் தகவலையும் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதை விடியும் முன்னே எடுக்கப் போகிறவர்கள் கேமராவோடு வரும் கிட் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு 50 எம்எம் எஃப் 1.8 ஒன்றை எடுத்துப் போங்கள். இருப்பதை விற்றுவிட்டு வேறு கேமரா பாடி வாங்கும் காசில் இரண்டு நல்ல லைட் வாங்கலாம்.

பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மணவறைக்குப் பின்னால் கலர் எல்இடி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் ஒரு வெள்ளை விளக்குக்கும் இடம் விடுங்கள். போட்டோகிராபரைப் பேசும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காமல், எத்தனை லைட் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள்.