ராம் புதுசு, வேகம் பழசு

சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து, வேகம் 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம் ஸ்டிக் ஒன்றை, 16 ஜிபியில் வாங்கி மாட்டியாயிற்று. விண்டோஸும் 16 ஜிபி என்று காட்டுகிறது. பலரும் அத்தோடு கேபினட்டை மூடிவிடுகிறார்கள். மூடுமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேகம் 2133 அல்லது 2666 என்று இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ராமில் எஸ்பிடி என்றொரு குட்டி சிப் உண்டு. பவர் வந்ததும் மதர்போர்டு அதைத்தான் முதலில் படிக்கும். மெமரிக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு சொன்னபடி 1.2 வோல்ட்டில் ஓடும் நிதானமான வேகம் அதில் பதிவாகியிருக்கும். கூடவே, தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த அதிவேகமும் இருக்கும். அதற்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கூட்ட மதர்போர்டு துணியாது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், அந்த அதிவேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பியை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். (அதன்பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருள் 1800 என்று காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் ராம் ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு அனுப்பும். 1800 இரண்டு தடவை, 3600.)

என்னைக் கேட்டால், ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கியதுதான் இதைவிடப் பெரிய பிழை. வீட்டுக் கணினி பிராசஸர்களில் ராமுக்குப் பொதுவாக இரண்டு சேனல்கள், அதாவது தரவு போகும் பாதைகள். ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். 3600 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 28.8 ஜிபி கடத்தும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்கைச் சேனலுக்கு ஒன்றாகப் போட்டால் 57.6. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரைவதும் இதே ராமை நம்பித்தான் என்பதால், கேம் ஓட்டும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, நான்கு ஸ்லாட்டில் எந்த இரண்டு? பெரும்பாலான போர்டுகளில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். ஒரு சேனலின் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதலாவதில் மட்டும் ராமைச் செருகினால், மிச்சத் தடம் வெறுமனே தொங்கும். அதன் முனைவரை போன சமிக்ஞை, கிணற்றுக்குள் கத்திய குரல்போல எதிரொலித்துத் திரும்பும். 3600 வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 0.28 நானோநொடி. அதற்குள் போர்டின் செம்புத் தடத்தில் சமிக்ஞை ஏறக்குறைய 4 செ.மீ.தான் நகர முடியும். ஆகவே திரும்பி வரும் எதிரொலி, அடுத்து வரும் பிட்டின் மேலேயே போய் மோதும். குறைந்த வேகத்தில் சமாளித்துவிடும் கணினி, எக்ஸ்எம்பி போட்டதும் திணறுவது இதனாலும் இருக்கலாம்.

டிடிஆர்4 போர்டில் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ஏறாது. இரண்டுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.

டிடிஆர்5 போர்டுக்காரர்களுக்கு வேறொரு சோதனை. புது ராம் போட்டு முதன்முதலில் ஆன் செய்தால், திரை சில நிமிடங்கள்கூட இருட்டாகவே கிடக்கலாம். சமிக்ஞையை எந்தக் கணத்தில் படித்தால் பிழையில்லாமல் வரும் என்று போர்டு ஒவ்வொரு தடமாகச் சோதித்துக்கொண்டிருக்கும்; மெமரி டிரெய்னிங் என்பார்கள். ராம் செத்துவிட்டதென்று பயந்து சுவிட்சை அணைத்தால் அத்தனையும் முதலிலிருந்து. போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.