டிரஸ் கோட்: குறியீடா, கட்டுப்பாடா, கோலமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். மகளும் மருமகனும் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, மர்செய் துறைமுகத்தில் இருந்து ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு அப்பா அம்மாவையும் சேர்த்துச் சீட்டு எடுத்துவிட்டாள் மகள். பயண முகவர் தமிழிலேயே ஒரு குறிப்புத் தாள் அனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, இதுல ‘ஆடைக் குறியீடு: முறையான இரவு, இரண்டு’ன்னு போட்டிருக்கு. குறியீடுன்னா பின்கோடு மாதிரி நம்பரா? முறையான இரவு ரெண்டுன்னா, மிச்ச அஞ்சு ராத்திரியும் முறை இல்லாததா?"

அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவருக்குத் தமிழில் எழுதிய தாள் புரியவில்லை என்றால் குற்றம் படித்தவரிடம் இல்லை. ‘டிரஸ் கோட்’ என்று அப்படியே விட்டிருந்தால்கூட மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். பிழையான தமிழ், ஆங்கிலத்தைவிட அதிகமாக அவரைக் குழப்பிவிட்டது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்துக்கோ நிகழ்ச்சிக்கோ வருகிறவர்கள் எந்த வகை உடையில் வர வேண்டும் என்று அங்கே வகுத்துவைத்திருக்கும் முறைக்குப் பெயர்தான் டிரஸ் கோட். கப்பல்களில் இது பெரும்பாலும் மாலைக்கும் இரவு உணவுக்கும் உரியது. பகலில் மேல்தளத்தில் அரைக்கால் சட்டையோடு உலாவலாம். இரவு பெரிய உணவுக்கூடத்துக்கு முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் எதிர்பார்ப்பார்கள். ஏழு இரவுப் பயணம் என்றால் வழக்கமாக இரண்டு இரவை ஃபார்மல் நைட் என்று வைப்பார்கள். ஆண்கள் கோட்டு, டை. பெண்கள் நீண்ட மாலை உடை. ஏறிய அன்றே அந்த இரவை வைப்பதில்லை. பெட்டி அறைக்கு வந்து சேர்ந்திருக்காது, வந்தாலும் பிரித்திருக்க மாட்டார்கள். நீராவிக் கப்பல் காலத்திலேயே முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் இந்த விலக்கு உண்டு. பொதுவாக, கப்பல் எந்தத் துறையிலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாளின் இரவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அன்றுதான் உடுத்திக்கொள்ள எல்லாருக்கும் நேரம் இருக்கும்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கில ‘டிரஸ்’ பிரெஞ்சில் இருந்து போனது. பிரெஞ்சில் ‘த்ரெஸே’ என்றால் நிமிர்த்து, நேராக்கு, ஒழுங்காக அமை. அதற்கும் அடியில் லத்தீன் ‘திரெக்டுஸ்’ இருக்கிறது. டைரக்ட், டைரக்டர் எல்லாம் அதே வேர். ஆங்கிலேய ராணுவ அணிவகுப்பில் ‘ரைட் டிரஸ்’ என்று கட்டளை வந்தால் யாரும் உடை மாற்றுவதில்லை. வலப்பக்கம் பார்த்து வரிசையை நேராக்குகிறார்கள். காயத்துக்கு டிரஸ்ஸிங் செய்வதும் அப்படித்தான், சீர்படுத்துவது. உடம்பைச் சீராக்குவது என்ற பொருளில் இருந்துதான் உடை என்ற பொருள் பின்னால் வந்தது.

தமிழில் கதை வேறு. நம்முடைய துணிப் பெயர்கள் தறியில் இருந்து பிறந்தவை. துணித்து எடுத்தது துணி. துண்டாக்கியது துண்டு. வெட்டியது வேட்டி என்றும் சொல்வதுண்டு. சங்க காலத்தில் அறுவை என்றால் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, தறியில் இருந்து துணியை அறுத்து இறக்குகிற கையசைவைச் செய்து காட்டினார். 1898இல் தொடங்கி 2020இல் மூடிய மில் அது. அந்தக் கையசைவு இன்னும் அவர் கையில் இருக்கிறது. தைக்காமல், வெட்டிய படியே உடம்பைச் சுற்றி உடுப்பது நம் வழக்கம். அதனால்தான் உடு என்ற வினையில் சுற்றுதல் என்ற கருத்தும் அடங்கியிருக்கிறது.

தைத்த மேலுடையும் தமிழுக்குப் புதிதில்லை. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலர்களான யவனர்களைச் சொல்லும்போது "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து" என்று வருகிறது. மெய்யை இட்டுவைக்கும் பை, மெய்ப்பை. கோட்டு, சட்டை இரண்டுக்கும் இதைவிடக் கண்முன் நிற்கும் சொல் கிடையாது. யவனர் பண்டம் வந்து இறங்கிய அரிக்கமேடு நம் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்பாண்டங்கள் வந்தன. கோட்டுப் போட்ட அயலாரைக் கடற்கரையில் பார்த்துப் பெயர் வைத்த மொழிக்குக் கப்பலில் போடும் கோட்டுக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் போகாது.

அடுத்தது ‘கோட்’. சிக்கல் முழுக்க இந்தச் சொல்லில்தான். லத்தீனில் ‘கௌடெக்ஸ்’ என்றால் மரத்தின் அடித்தண்டு. மரப்பலகையில் மெழுகு பூசி எழுதினார்கள். பலகைகளைச் சேர்த்துக் கட்டியது ‘கோடெக்ஸ்’. நாம் பனையோலையைச் சேர்த்துக் கட்டிச் சுவடி என்றதைப் போல. சட்டங்களை அப்படித் தொகுத்து வைத்ததால் ‘கோட்’ சட்டத் தொகுப்பு ஆயிற்று. புதுச்சேரிக்காரர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை. நெப்போலியன் 1804இல் கொண்டுவந்த கோத் சிவில் என்ற பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு 1819 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. கல்யாணம், சொத்து, வாரிசு என்று எத்தனையோ வீடுகளின் கதை அந்தத் தொகுப்போடு பின்னிக் கிடக்கிறது.

ரகசிய எழுத்து, அடையாள எண் என்ற பொருள் பிந்தி வந்தது. 605001 என்பது குறியீடு. கணினிக்கு எழுதுவதையும் குறியீடு என்கிறோம். டிரஸ் கோட்டில் உள்ள ‘கோட்’ அந்த வகை இல்லை. முதல் வகை, வகுத்துவைத்த முறை. ஆகவே ‘ஆடைக் குறியீடு’ என்பது வெறும் பிழை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த பிழை. இதை எங்கே பார்த்தாலும் திருத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்தித்தாள்கள் எழுதும் ‘உடைக் கட்டுப்பாடு’ பிழை இல்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நீட் தேர்வுக்கு முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டு வரக்கூடாது என்பது கட்டுப்பாடு. விலக்குவதும் தடுப்பதும் அதன் வேலை. கட்டுப்பாடு என்ற சொல்லின் கனத்தை இந்த ஊர் அறியும். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக நடவடிக்கைக்கு ஆளானார். அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார். பின்னால் ரெனோன்சான் ஆகி, அதாவது சொந்தச் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர் ஆகி, லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர் அவர்தான். காலில் போட்டிருப்பதை வைத்து ஒருவருடைய தகுதியை அளக்கக் கூடாது என்று நிலைநாட்டிய வழக்கு அது. அதற்கு 141 ஆண்டு கழித்து, 2014இல், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் அந்தச் சட்டம் உண்டு; புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி என்பதால் இந்தப் பக்கம் அது செல்லாது.

கப்பலின் ஃபார்மல் நைட் இப்படிப்பட்ட தடை இல்லை. அது ஓர் அழைப்பு. அன்று உடுத்த விருப்பமில்லாதவர் பஃபே கூடத்திலோ வேறு எளிய உணவகத்திலோ சாப்பிட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் குடும்பத்திலேயே மூன்று கட்சி இருந்தது. மகளுக்கு அந்த இரவுதான் பயணத்தின் சிறப்பு. படிக்கட்டில் குடும்பமாக நின்று படம் எடுக்க வேண்டும், எல்லாரும் நன்றாக உடுத்திய கூடத்தில் சாப்பிடுவதே ஒரு மகிழ்ச்சி என்கிறாள். மருமகன் நேர் எதிர். வருடம் முழுக்க அலுவலகத்தில் டை கட்டுகிறேன், விடுமுறையிலும் அதே கயிறா, இரண்டு இரவுக்காகப் பெட்டியில் கோட்டைச் சுமக்க வேண்டுமா என்கிறார். நம்மவரோ, "பட்டு வேட்டி இருக்கும்போது நான் ஏன் அடுத்தவன் உடுப்பை வாடகைக்கு எடுக்கணும்?" என்றார். அவர் வீட்டு அக்காவுக்கு மட்டும் கவலையே இல்லை. புடவையை எந்தக் கப்பலும் குறை சொன்னதில்லை.

கப்பல் நிறுவனங்களும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. குனார்ட் நிறுவனம் பழைய மரபை விடாமல் காலா இரவுகள் வைக்கிறது. கோட்டோடு கழுத்தில் பட்டாம்பூச்சி போலக் கட்டும் கறுப்பு போ டை, இல்லையென்றால் கருநிறக் கோட்டு சூட்டு. அவரவர் நாட்டின் விழா உடையும் அங்கே ஏற்புதான். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டி வருவார். நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயரிட்டுக் கட்டாயத்தையே கைவிட்டது. செலிபிரிட்டி, 2015 இறுதியில் ஃபார்மல் நைட் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘ஈவினிங் சிக்’ என்று தளர்த்திக்கொண்டது. வைக்கிங் கப்பல்களில் ஃபார்மல் நைட்டே கிடையாது. ஆகவே ஒரே தலைப்பின் கீழ் கப்பலுக்குக் கப்பல் வேறு பொருள். சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. என் கருத்தைக் கேட்டால், உடுத்த மனமில்லாதவருக்கு வேறு கூடம் திறந்திருக்கும்போது, உடுத்தி வந்தவர்களின் கூடத்தில் கடற்கரைச் செருப்போடு நுழைவது சரியில்லை. அவர்கள் ஆசையாகச் சேர்ந்து உருவாக்கிய சபை அது.

இப்படிப்பட்ட இரவுகளில் ஆண்கள் போ டையோடு போடும் கறுப்புக் கோட்டு சூட்டான டக்ஸிடோ பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் அருகே டக்ஸிடோ பார்க் என்ற ஊரில் 1886இல் தொடங்கிய கிளப்பின் வழியாக வந்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதையே ‘ஸ்மோக்கிங்’ என்பார்கள். விருந்துக்குப் பின் புகை பிடிக்கும்போது போட்ட மேலுடை பிறகு விருந்து உடையாகவே ஆகிவிட்டது. அதோடு இடுப்பில் கட்டும் கம்மர்பண்ட் நம் பக்கத்தில் இருந்து போனது. ‘கமர்’ பாரசீகத்தில் இடுப்பு, ‘பந்த்’ கட்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே பார்த்துக் கட்டிக்கொண்டது. தமிழில் அரைக்கச்சை. டக்ஸிடோ உடுத்தியவர் இடுப்பில் நம் கச்சை இருக்கும்போது, வேட்டியும் அந்தச் சபையில் நிற்கத் தகுந்ததுதான் என்று அவரிடம் சொன்னேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இதற்கு எனக்கு வழி காட்டியது பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பழைய வழக்கில் ‘கோத்’ என்று சொல்வதில்லை, ‘தெனு’ என்பார்கள். ‘தெனு தெ சுவாரே’ என்றால் மாலை விருந்துக்குரிய உடை. ‘தெனீர்’ என்ற வினையில் இருந்து வந்தது. பிடி, தாங்கு என்று பொருள். ஒருவர் தன்னை எப்படித் தாங்கி நிற்கிறார், எப்படி நடந்துகொள்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார் எல்லாம் சேர்ந்தது தெனு. இதைப் படித்தபோது எனக்குக் கடலூர் அருகே உள்ள திருவந்திபுரம் கோயில் நினைவுக்கு வந்தது. அங்கே தேவநாதப் பெருமாள் நின்ற திருக்கோலம். வேறு தலங்களில் இருந்த கோலம், கிடந்த கோலம். நிலையையும் கோலம் என்கிறோம். மணக்கோலம் என்றால் உடையும் நகையும் மாலையும் அதோடு வரும் முகமலர்ச்சியும். அது கெட்டால் அலங்கோலம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் தெய்வங்கள் அலங்காரத்தோடு வந்து இறங்கும்போது, ஊரே விழாக்கோலம் பூண்டது என்று எழுதுகிறோமே! தெனு என்ற சொல் சொல்ல வந்தது அனைத்தும் நம் கோலத்தில் இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. டிரஸ் கோட் என்பதற்கு உடைமுறை. நடைமுறை, செய்முறை போல வாயில் ஒட்டும், தடை என்ற கனமும் இல்லை. தடுப்பதே நோக்கமான இடத்தில் உடைக் கட்டுப்பாடு இருக்கட்டும். ஃபார்மல் நைட் என்பதற்கு விழாக்கோல இரவு. ஃபார்மல் உடைக்கு விழாவுடை, கேஷுவலுக்கு எளிய உடை, ஸ்மார்ட் கேஷுவலுக்கு நேர்த்தியான எளிய உடை.

க்ரூஸ் கப்பலையும் விட்டுவிட வேண்டாம். டச்சு மொழியில் ‘க்ரொய்சன்’ என்றால் குறுக்கும் நெடுக்கும் போய்வருவது. சிலுவை என்ற சொல்லோடு உறவு. சென்னையில் 2022 ஜூனில் இந்தச் சேவை தொடங்கியபோதே நம் நாளிதழ்கள் சொகுசுக் கப்பல் என்று எழுதிப் பழக்கிவிட்டன. நல்ல சொல்தான். எனக்கோ உலாக் கப்பல் என்பதில் ஆசை. பல துறைகளைச் சுற்றி, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது தேர் நிலைக்கு வருவதைப் போன்றது; அதற்கு உலா என்றுதான் நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

முகவரின் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: "உடைமுறை. ஏழு இரவுகளில் இரண்டு விழாக்கோல இரவுகள். அந்த இரு இரவும் பெரிய கூடத்தில் சாப்பிட விழாவுடையில் வர வேண்டும். மற்ற இரவுகளில் நேர்த்தியான எளிய உடை போதும்." பட்டு வேட்டி அங்கே விழாவுடையாக ஏற்புதானா என்று கப்பல்காரர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கும்படி மகளுக்குச் சொல்லச் சொன்னேன். அவர் படித்தார். இரண்டாம் முறை படிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி, "அங்க கல்யாணத்துக்குப் போற மாதிரி உடுத்தணுமாம். அறுபதுக்குக் கட்டுன வேட்டி எங்க இருக்கு, எடுத்து நிழல்ல காத்தாடப் போடு" என்று குரல் கொடுத்தார்.