ஒரே மூச்சில் 50 மீட்டர்

தொடக்க ஒலி கேட்டதும் வீரர்கள் குதிக்கிறார்கள், அப்புறம் ஒருவரையும் காணோம். சுமார் 14 விநாடி கழித்து, 50 மீட்டர் தள்ளி, எதிர்ச்சுவர் அருகே தலைகள் எழுகின்றன. உலக விளையாட்டுப் போட்டிகளில் காலில் துடுப்பு மாட்டி நீந்தும் துடுப்பு நீச்சலில், ஆண்களுக்கான மூச்சடக்கு 50 மீட்டர் இப்படித்தான் முடிகிறது. 2009இல் சாவோ பாலோவில் பிரேசில் வீரர் சீசர் சியேலோ வெறுங்காலோடு ஃப்ரீஸ்டைலில் இதே தூரத்தைக் கடக்க 20.91 விநாடி ஆனது, அதுவே அன்றைக்கு உலக சாதனை.

பார்க்கிறவர்கள் பலரும் இதைத் தம் பிடிக்கும் திறமைக்கான போட்டி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 14 விநாடி தம் கட்டுவது நம்மில் பெரும்பாலோருக்கும் முடியும், அந்த நேரத்தில் தசைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சேமித்து வைத்த ஆற்றலிலும், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துக் கிடைக்கும் ஆற்றலிலும்தான் ஓடுகின்றன. மூச்சை அடக்குவது மேலே வராமல் இருப்பதற்காக. நீர்ப்பரப்பில் நீந்தும் உடல் படகு போல அலைகளை எழுப்பிக்கொண்டே போகிறது, அந்த அலைகளுக்கான ஆற்றல் நீந்துபவரிடமிருந்துதான் போகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குள் முங்கிவிட்டால் அந்த இழப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

முங்கு நீச்சலின் இந்த லாபத்தை வழக்கமான நீச்சலிலும் கண்டுபிடித்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் மல்லாந்து நீச்சலில் முதல் 50 மீட்டரின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார். பிறகு விதி போட்டுக் கட்டுப்படுத்தினார்கள், இன்று 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். மூச்சடக்குப் போட்டியில் அந்த எல்லை கிடையாது, எனக்கு இந்தப் போட்டி பிடித்திருப்பதே அதனால்தான்.

சரி, வேகம்? 14 விநாடி என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர், சியேலோவின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு. நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்தோடு (மும்மடியோடு) கூடும், அதாவது மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் மூன்று மடங்குக்கும் மேல் திறன் வேண்டும். அவ்வளவு பலம் எந்த மனிதனுக்கும் இல்லை. அதனால் வீணாவதைக் குறைக்க வேண்டும், அந்த வேலையின் பாதியைச் செய்வது மோனோஃபின், இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டும் ஒற்றைத் துடுப்பு. விதிப்படி இது 76 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்கலாம். கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை மெதுவாகத் தள்ளினால் அதே உந்துதலுக்குக் குறைந்த ஆற்றலே செலவாகும், டால்பினின் அகன்ற வால் செய்வதும் இதுதான். கண்ணாடி இழையிலோ கார்பன் இழையிலோ செய்த தகடு பாதத்தருகே விறைப்பாகவும் நுனியில் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால், ஒவ்வொரு வீச்சிலும் வளைந்து நிமிர்ந்து நீரைப் பின்னோக்கி அனுப்புகிறது.

உதைப்பது காலால் மட்டுமல்ல. கைகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தலைக்கு முன்னால் நீட்டி, தலையை அவற்றுக்கிடையில் ஒடுக்கிக்கொள்கிறார்கள், நெளிவு மார்பில் சின்னதாகத் தொடங்கி இடுப்பு, முழங்கால் என்று பெரிதாகிக்கொண்டே போய்த் துடுப்பில் முடிகிறது. இடையில் மூச்சுக்காகத் தலையைத் தூக்கினால் இந்த வரிசை குலைந்துவிடும். ஆனால் நுரையீரல் நிறையக் காற்று இருப்பதால் உடல் மேலே போகத்தான் பார்க்கும், அதைக் கைகளின் சின்னச் சாய்விலேயே அடக்கி வைக்க வேண்டும், கொஞ்சம் பிசகி முகம் வெளியே தெரிந்துவிட்டால் தகுதிநீக்கம்.