டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் பத்தியம் வேண்டாம்

போன வாரம் வெள்ளவத்தையில் உள்ள என் கிளினிக்குக்கு ஐம்பது தாண்டிய ஒருவர் மனைவியுடன் வந்தார். புறக்கோட்டையில் கடை. வலது பெருவிரலுக்குக் கீழே ரூபாய்க் குற்றியளவு புண். செருப்புக்குள் கிடந்த கல் நாள் முழுக்க உரசியும் அவருக்குத் தெரியவில்லை.

"சீனி கன்ட்ரோல்லதானே இருக்கு டொக்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். வெறும் வயிற்றில் 121. மனைவிதான் போட்டு உடைத்தார்: "டெஸ்டுக்கு முதல் ரெண்டு நாளும் சோறு தொடமாட்டார், குரக்கன் கஞ்சிதான். டெஸ்ட் முடிஞ்ச கையோட கொத்துரொட்டி." இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் ரத்த டெஸ்டான எச்பிஏ1சி எடுத்துப் பார்த்தால் 8.9 சதவீதம், கன்ட்ரோலில் இல்லை.

இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர்.

வெறும் வயிற்று டெஸ்ட் காட்டுவது அன்று காலை ரத்தத்தில் இருந்த சீனியை மட்டும். போன மாதம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. எச்பிஏ1சி சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் இருக்கும். இரண்டு நாள் கஞ்சியால் அதை அசைக்க முடியாது. (ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்குப் பிசகலாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) 121ஐப் பார்த்து நான் மருந்தைக் கூட்டாமல் விடுகிறேன். சீனி கூடியே கிடக்கும் அந்த மாதங்களில்தான் கால் நரம்பு கெடுகிறது, கல் உரசினாலும் தெரியாமல் போகிறது.

ஆகவே டெஸ்டுக்கு முந்தின நாட்களில் வழக்கம்போல் சாப்பிடுங்கள், குளிசையையும் வழக்கம்போல் போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். காலையில் பிளேன் டீயும் கூடாது. சீனிக்கான காலைக் குளிசை, ரத்தம் கொடுத்து வந்து சாப்பாட்டோடு. படுக்கப் போகுமுன் உள்ளங்கால்களைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். 35 வயது தாண்டியும் இன்னும் சீனி, பிரஷர் பார்க்காதவர்களுக்கு அரசாங்க ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

ஏன் பத்தியம் இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "கூடினா நீங்க ஏசுவீங்களே டொக்டர்" என்றார். உண்மைதான், ஏசியிருக்கிறேன். இனி ஏச மாட்டேன். 300 என்றாலும் அந்த ரிப்போர்ட்டையே கொண்டு வாருங்கள்.