பூட்டு இருக்கிறது, கடை யாருடையது?

ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் இருக்கிறதா பார், இருந்தால் தைரியமாக வாங்கு. இதில் பாதிதான் சரி. அந்தப் பூட்டு எதைக் காக்கிறது, எதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது புரிந்துவிட்டால், மோசடிக்காரர்கள் எந்த இடுக்கு வழியாக நுழைகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

நீங்கள் தட்டும் கார்டு எண், கடையின் சர்வரைப் போய்ச் சேருவதற்குள் வைஃபை ரவுட்டர், இணையச் சேவை நிறுவனம், நடுவே இன்னும் பல கணினிகள் என்று கைமாறிக்கொண்டே போகிறது. அதனால் எண்ணைச் சங்கேதமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு தரப்புக்கும் பொதுவான ரகசியச் சாவி ஒன்று தேவை. முன்பின் தெரியாத ஒரு கடையோடு, யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய பாதையிலேயே, எப்படி ஒரு ரகசியத்தைப் பேசி முடிப்பது? இதற்கு 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு சங்கேதவியல் ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். சின்ன எண்களை வைத்து அதைச் செய்தே பார்த்துவிடலாம்.

3, 17 என்ற இரண்டு எண்கள் ஊருக்கே தெரிந்தவை. உங்கள் பிரவுசர் ரகசியமாக 6 என்று நினைத்துக்கொள்கிறது. 3-இன் ஆறாம் அடுக்கு 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15-ஐ மட்டும் வெளியே அனுப்புகிறது. கடையின் சர்வர் 7 என்று நினைத்துக்கொள்கிறது. 3-இன் ஏழாம் அடுக்கு 2187, மீதி 11. அது 11-ஐ அனுப்புகிறது. இப்போது பிரவுசர், வந்து சேர்ந்த 11-க்கு ஆறாம் அடுக்கு கண்டுபிடித்து 17-ஆல் வகுக்கிறது: 17,71,561, மீதி 8. சர்வர் 15-க்கு ஏழாம் அடுக்கு கண்டுபிடித்து வகுக்கிறது: 17,08,59,375, மீதி 8. இரண்டு பேர் கையிலும் 8. அந்த 8 எந்தக் கம்பியிலும் பயணம் செய்யவே இல்லை! ஒட்டுக்கேட்டவரிடம் இருப்பது 3, 17, 15, 11 மட்டும்.

இவ்வளவு சின்ன எண்கள் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 6-ஐயும் 7-ஐயும் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் புழங்கும் எண்கள் 70 இலக்கங்களுக்கும் மேல் நீளமானவை, கணக்கும் இதைவிடச் சிக்கலான வகை. முன்னோக்கிப் போவது நொடியில் முடியும். திரும்பி வர இன்றைய கணினிகளுக்கு வழி தெரியாது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது டிஎல்எஸ், அதாவது பிரவுசரும் தளமும் சங்கேதமாகப் பேசிக்கொள்வதற்கான விதிமுறை. 2018-இல் வந்த அதன் 1.3 பதிப்பு இந்தச் சாவியை ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகவே உருவாக்குகிறது. ஆகவே பொது வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் கார்டு எண்ணைத் திருடிவிடுவார் என்ற பழைய பயத்துக்கு இப்போது அவ்வளவு வேலை இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஒரு கேள்விக்கு அதில் விடை கிடையாது. 7 என்று நினைத்துக்கொண்டது யார்?

அதற்காகத்தான் சான்றிதழ். பிரவுசர்கள் நம்பும் சில சான்றளிப்பு நிறுவனங்கள், ‘இந்தப் பெயருள்ள தளத்தின் சாவி இதுதான்’ என்று கையெழுத்திட்டுத் தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சோதிப்பது ஒன்றே ஒன்றுதான்: கேட்பவரின் கட்டுப்பாட்டில் அந்தத் தளப்பெயர் இருக்கிறதா என்று. ஒரு விலாசத்துக்குத் தபால் போட்டு, அது கைக்கு வந்ததா என்று கேட்பதுபோலத்தான். வீட்டில் இருப்பவர் நல்லவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. இணையத்தின் பெரும்பகுதி சங்கேதமானது அதனால் கிடைத்த பெரிய நன்மை. போலிக் கடைக்காரருக்கும் பூட்டு இலவசமாகக் கிடைத்தது அதன் மறுபக்கம். பூட்டைப் பார்த்துத் தளமே நம்பகமானது என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி, 2023-இல் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே முகவரிப் பட்டியிலிருந்து எடுத்துவிட்டது.

சரி, மிச்சம் இருப்பது பெயர் மட்டும். பெயரைச் சரியாகப் படித்தால் போதாதா? படிக்கலாம், ஆனால் வலமிருந்து இடமாக. ‘நல்லகடை.காம்.பெருஞ்சலுகை.நெட்’ என்று ஒரு முகவரி இருந்தால் அதன் சொந்தக்காரர் ‘பெருஞ்சலுகை.நெட்’. முன்னால் இருக்கும் ‘நல்லகடை.காம்’ வெறும் அலங்காரம். பெயரைப் பதிந்தவர் அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். செல்பேசியின் குறுகிய திரையில் முகவரி முழுதாகத் தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதைவிட வில்லங்கமான வகை ஒன்று உண்டு. தமிழ் எழுத்து ‘க’, தமிழ் எண் ‘௧’ இரண்டையும் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். கணினிக்கோ முதலாவது 2965-ஆம் குறி, அடுத்தது 3047-ஆம் குறி. ஆங்கில எழுத்துகளுக்கும் ரஷ்ய எழுத்துகளுக்கும் நடுவே இப்படிப்பட்ட இரட்டையர்கள் நிறைய. 2017-இல் ஓர் ஆய்வாளர், ரஷ்யாவில் புழங்கும் சிரிலிக் எழுத்துகளை மட்டும் வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் பெயரைப் போலவே தெரியும் ஒரு தளத்தைப் பதிந்து காட்டினார். சில பிரவுசர்கள் அப்படியே ஏமாந்தன. பூட்டும் முறையாகவே இருந்தது. பிறகு பிரவுசர்கள் திருத்திக்கொண்டன. ஆனாலும் இந்த வேலையைக் கண்ணிடம் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கேதான் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜரின் அருமை. நீளமான பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்வது அதன் சின்ன வேலை. பெரிய வேலை, தளத்தின் பெயரைக் குறி குறியாக ஒப்பிடுவது. ஓர் எழுத்து மாறினாலும் அது பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், நீங்களாகத் தட்டச்சு செய்யாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு சாவியை வைத்து உள்ளே நுழையும் பாஸ்கீ முறை இன்னும் ஒரு படி மேல். அதற்கான ரகசியச் சாவி தளத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நீங்களே ஏமாந்து கொடுக்க நினைத்தாலும் போலித் தளத்துக்கு அது போகாது.

பெயரும் சரி, பூட்டும் சரி, கடையும் உண்மையான கடை, அப்போதும் திருட்டு நடக்குமா? நடந்திருக்கிறது. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தளத்துக்குள் யாரோ 22 வரி நிரலைச் செருகிவிட்டார்கள். பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், படிவத்தில் இருந்த விவரங்களின் நகல் ஒன்று வேறு சர்வருக்கும் போனது. டிஎல்எஸ் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. திருட்டு நடந்ததோ சங்கேதமாக்குவதற்கு முன்பு, வாடிக்கையாளரின் பிரவுசருக்குள்ளேயே.

இந்த வகைத் திருட்டை வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாது. திருடியது உதவாமல் போகும்படி செய்யலாம். செல்பேசி வழியாகச் செலுத்தும் சில முறைகளில் உண்மையான கார்டு எண் கடைக்குப் போவதே இல்லை. அதற்குப் பதில் ஒரு மாற்று எண்ணும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் சங்கேதக் குறியும் போகும். சில வங்கிகள் ஒருமுறை பயன்படுத்தும் கார்டு எண்ணும் தருகின்றன. அந்த வசதி இல்லாவிட்டால், கார்டு எண்ணைக் கடையில் சேமித்து வைக்காமல் இருப்பது பின்னாளில் கடையின் தரவுத்தளம் களவு போனால் உதவும்.

அப்புறம் ஓடிபி. அது நல்ல காவல்தான், ஆனால் தளத்தின் பெயரோடு அதற்கு எந்தப் பிணைப்பும் இல்லை. போலித் தளம் உங்களிடம் வாங்கும் ஆறு இலக்கத்தை அடுத்த நொடியே உண்மையான தளத்தில் போட்டுவிட முடியும். குறுஞ்செய்தியில் தொகையும் பெறுபவர் பெயரும் இருந்தால், எண்ணைத் தேடுவதற்கு முன் அந்த இரண்டையும் படியுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்டால் அது மோசடி. பணம் உங்களிடம் திரும்பி வர உங்கள் ஓடிபி தேவையே இல்லை.

தவறான இடத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் முதல் வேலை கார்டை முடக்குவது, புகார் எழுதுவது இரண்டாவது. கிரெடிட் கார்டு என்றால் விவாதத்தில் இருப்பது வங்கியின் பணம். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட பணம். முன்பின் தெரியாத கடையில் முதல் தடவை வாங்குகிறவர்கள் எந்தக் கார்டை நீட்டுவது என்று முடிவு செய்ய அந்த வித்தியாசமே போதும்.