செயற்கைக்கோள் மேலே போய்விட்டது, டிஷ் எங்கே?

அண்டை நாடுகள் சேர்ந்து ஒரு செயற்கைக்கோளைப் பயன்படுத்தப்போகின்றன என்றால் பேச்செல்லாம் ராக்கெட்டைச் சுற்றியே இருக்கும். காரியம் கெடுவது பெரும்பாலும் தரையில்.

தெற்காசியச் செயற்கைக்கோளையே பாருங்கள். ஜிசாட்-9, எடை 2,230 கிலோ, 12 கேயூ பேண்ட் (ஓர் உயர் அதிர்வெண் அலைவரிசை) டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது தரையிலிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள். 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. முதலில் தெற்காசியக் கூட்டமைப்பின் பெயரால் ‘சார்க்’ செயற்கைக்கோள் என்றார்கள், பாகிஸ்தான் விலகியதும் அந்தப் பெயர் போயிற்று. மற்ற அண்டை நாடுகளுக்குக் குறைந்தது ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டர் என்பது ஏற்பாடு. கோளுக்கும் ஏவுதலுக்கும் செலவு இந்தியாவுடையது, தரைக் கட்டமைப்பு அந்தந்த நாட்டின் பொறுப்பு. பூட்டான் தலைநகர் திம்புவில் தரை நிலையம் திறந்தது 2019 ஆகஸ்டில், அதுவும் இந்திய உதவியுடன். 12 ஆண்டு ஆயுளில் இரண்டே கால் ஆண்டு அதற்குள் கரைந்துவிட்டது.

ஒரு டிரான்ஸ்பாண்டர் என்றால் எவ்வளவு? வழக்கமான 36 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்கு நொடிக்குச் சுமார் 40 முதல் 60 மெகாபிட். நாட்டுக்கே இணையம் தர அது போதாது. தொலைக்கல்வி, தொலைமருத்துவம், பேரிடர்த் தொடர்பு என்று முதலிலேயே பங்கு பிரித்து எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிவி சேனல்களே விழுங்கிவிடும்.

அடுத்தது திசை. கோளுக்கென அறிவிக்கப்பட்ட இடம் கிழக்குத் தீர்க்கரேகை 48 டிகிரி. அந்த இடத்தை வைத்துப் பார்த்தால், கொழும்பிலிருந்து டிஷ் ஏறக்குறைய நேர் மேற்கே, தொடுவானத்திலிருந்து 52 டிகிரி உயரத்தில் பார்க்க வேண்டும். திம்புவில் தென்மேற்கே 34 டிகிரிதான். பள்ளத்தாக்கில் அந்தப் பக்கம் மலைமுகடு அதைவிட உயர்ந்திருந்தால் எந்த டிஷ் வைத்தும் பயனில்லை. இடம் வாங்கும் முன்பே சாய்கோணம் அளக்கும் கிளைனோமீட்டரோடு போய் அளந்துவிடுங்கள்.

இனி மழை. திட்ட அறிக்கைகளில் ‘99.5 சதவீத நேரம் இணைப்பு கிடைக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். மீதி அரை சதவீதம் ஆண்டுக்கு 44 மணி நேரம். அது ஆண்டு முழுக்கப் பரவி வராது. பருவமழை கொட்டும்போது, அதாவது வெள்ளமும் நிலச்சரிவும் வரும் நேரத்தில்தான் வரும். கேயூ பேண்டில் கனமழை சிக்னலில் 10 டெசிபலுக்கு மேல், அதாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தின்றுவிடும். டிஷ்ஷை 1.2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராக்கினால் கிடைப்பதோ 3.5 டெசிபல். ஆகவே மழை வலுக்கும்போது வேகத்தைக் குறைத்தாவது இணைப்பைக் காக்கும் ஏசிஎம் மோடம் வாங்குங்கள், மைய நிலையத்தில் அனுப்பும் சக்தியைத் தானாகக் கூட்டும் கருவியைப் பொருத்துங்கள். மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் செயற்கைக்கோள் இல்லாமலே பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவும் இருக்கட்டும். டெண்டரில் மலிவு பார்த்து முதலில் வெட்டப்படுபவை இவைதான்.

ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு: கோள் பழுதானால்? ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 2007 டிசம்பரில் அனுப்பிய ராஸ்காம் கோளில் ஹீலியம் கசிந்து ஆயுள் சுருங்கிப்போனது. மாற்றுக் கோள் போனது 2010 ஆகஸ்டில். ஜிசாட்-9 இன் 12 ஆண்டு 2029 இல் முடிகிறது. அடுத்த கோள் வேறு தீர்க்கரேகையில் வந்தால் மலைக்கிராமப் பள்ளிகளின் டிஷ்களை ஒவ்வொன்றாகப் போய்த் திருப்ப வேண்டும். அந்த ஆள்கூலி யார் கணக்கில் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள்.