ரெவ் லிமிட்டர் எல்லா நேரமும் காப்பாற்றாது

மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அதிகம் கேட்கும் கேள்வி, "அண்ணே, ஆறாவது கியரில் எவ்வளவு போகும்?" என்பதுதான். இரண்டாவதில் எவ்வளவு போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இன்ஜினைப் பிரித்துப் போட வைப்பது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

டொயோட்டா ஜிடி86 காரை எடுத்துக்கொள்வோம். ரெட்லைன், அதாவது இன்ஜின் சுற்றலாம் என்று கம்பெனி வைத்த உச்ச எல்லை, 7,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7,400 சுற்று). அதைக் கியர் விகிதத்தாலும், பிறகு ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதத்தாலும் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்று தெரியும். டயரின் சுற்றளவால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். இந்தக் காரில் இரண்டாவது கியர் 2.188, ஃபைனல் டிரைவ் 4.1, 17 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.96 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டாவதில் உச்சம் மணிக்குச் சுமார் 97 கி.மீ. மூன்றாவதில் 138, நான்காவதில் 175, ஐந்தாவதில் 213.

ஆறாவதில் 277 வரும். சந்தோஷப்பட வேண்டாம், அது தாளில் மட்டும்தான். கம்பெனி சொல்லும் டாப் ஸ்பீட் 226. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். 200 குதிரைசக்தி அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்போது இன்ஜின் 6,000 சுற்றுக்கு அருகில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு கியர் மேனுவல் போர்ஷே 911 டாப் ஸ்பீடைத் தொடுவது ஆறாவதில். ஏழாவது, நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க.

இனி ஆபத்துக்கு வருவோம். மூன்றாவதில் 130-ல் முறுக்கிக்கொண்டு போகிறீர்கள். நான்காவதுக்கு லீவரை நேராகக் கீழே இழுக்க வேண்டும். அவசரத்தில் கை உடம்புப் பக்கம் இழுத்துவிட்டால், லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் காராக இருந்தால் அது இரண்டாவதில் போய் விழும். (நம் ஊர் ரைட் ஹேண்ட் டிரைவ் காரில் கை வெளிப்பக்கம் தள்ளினால் அதே கதை.) கிளட்சை விட்டதும் இன்ஜின் சுமார் 9,900 சுற்றுக்கு இழுக்கப்படும். "இன்ஜின் ரெட்லைனைத் தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே" என்பார்கள். அது எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்தும், அவ்வளவுதான். இங்கே இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல. உருண்டுகொண்டிருக்கும் காரின் எடை சக்கரம் வழியாகச் சுற்றுகிறது. அதை எந்த கம்ப்யூட்டரும் நிறுத்த முடியாது. வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்க முடியாமல், மூடவேண்டிய நேரத்தில் வால்வு திறந்தே நிற்கும். பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். வளைந்த வால்வும் பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு வெட்டும் இருந்தால், என்ன நடந்தது என்று ஓட்டுநர் சொல்லவே வேண்டாம்.

கிளட்சை மிதித்தபடியே இருந்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது. கிளட்ச் டிஸ்க் கியர்பாக்ஸ் ஷாஃப்டில்தான் இருக்கிறது. கியர் விழுந்ததுமே அது சக்கரத்தோடு சேர்ந்து அந்த 9,900 சுற்றுக்குப் போய்விடும். அந்த வேகத்தில் டிஸ்கின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பிய்ந்து பறக்கவும் கூடும்.

இதனால்தான் லீவரை முஷ்டியால் பிடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உள்ளங்கையால் தள்ளினால் போதும். லீவரை நடு வரிசைக்கு (மூன்றாவதும் நான்காவதும் இருக்கும் வரிசை) கொண்டுவரும் வேலையை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது இன்னும் கவனம், அங்கேயும் இரண்டாவதுக்கு வழி திறந்தே இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வளைவில் அழுத்தித் திருப்பும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாய, லீவர் வழக்கமான இடத்தில் இருக்காது.

ஃபைனல் டிரைவை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 4.1 இருந்த இடத்தில் 4.3 போட்டால் பிக்கப் கூடும், சரி. ஆனால் ஒவ்வொரு கியரின் உச்சமும் ஐந்து சதவீதம் குறையும்; இரண்டாவது 93-லேயே முடிந்துவிடும். பழைய எண்களை நம்பிக் கியரை இறக்காதீர்கள். சின்ன டயர் போட்டாலும் இதே கதைதான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்துகிறார்கள். போர்ஷே போன்ற சில கார்களில் இன்ஜின் எல்லை மீறிச் சுற்றியது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். எல்லையை எவ்வளவு தாண்டியது (எந்த ரேஞ்சில்), இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்றுகூட ஸ்கேனர் காட்டும். பணம் கொடுக்கும் முன்பு அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பதிவு இல்லாத கார் என்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்ப்பது), அப்புறம் லீக்-டவுன் டெஸ்ட் (அதில் அடைத்த காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது). விற்பவர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லையென்றால் வேறு கார் பாருங்கள்.